நிற்கச் சொன்னது யார்?

சமையற்கட்டு வாசலுக்கும் கக்கூசுக்கும் நடுவில், துவைக்கிற கல்லைத் தொடுகிற தூரத்தில் சென்னியப்பனின் இடது கால் நின்றுவிட்டது. தினமும் அங்கேதான் நிற்கிறது. செக்போஸ்டில் கை காட்டி மறித்த லாரி மாதிரி, என்ன முறுக்கினாலும் நகராது.

"எடுங்கப்பா," என்றாள் மகள் ஜீவிதா. அவருடைய இடது கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"எடுக்காம என்ன, இங்கயே குடியிருக்கப் போறனா? அது வந்தாத்தான?"

"சித்த மூச்சு உட்டுட்டு எடுங்க."

"மூச்சு எப்பவும் உட்டுட்டுத்தான் இருக்கறன். நின்னுபோச்சுன்னா சொல்லியனுப்பறன்."

ஜீவிதா சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் உட்காரவைத்துக் கக்கூஸ் வரைக்கும் தள்ளிப் போய், உள்ளே இறக்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். பெற்ற பெண். கல்யாணமாகி ஓசூரில் குடித்தனம் பண்ணுகிறவள். சென்னியப்பன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடுப்பு ஒடிந்த அன்றைக்குக்கூட இந்த வலி இல்லை.

ஒடிந்தது ஒரு கேவலமான கதை. சங்ககிரியில் லாரி எடுத்தால் அஸ்ஸாம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிய ஆள். மண்சரிவு, வெள்ளம், கலவரம் எல்லாவற்றையும் தாண்டியவர். கடைசியில் சொந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில், சோப்பு நுரையில் கால் வைத்து விழுந்தார். தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிவு. அறுத்து, உள்ளே கம்பி வைத்து முடுக்கி அனுப்பினார்கள். கூடவே கால்பட்டையையும் கொடுத்தார்கள். இடுப்பு ஒடிந்த வயசாளிகளுக்கெல்லாம் அரசாங்கம் இப்போது அதைத்தான் கொடுக்கிறது.

பட்டை என்பது இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் சுற்றுகிற கறுப்புத் துணி. துணிக்குள் தசைநார் மாதிரி ஏதோ இழை ஓடும். இடுப்போரம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா, அதில் பச்சை விளக்கு. அதைக் கட்டிக்கொண்டு எடப்பாடியில் ஒரு கிழவி சந்தைக்கே போய்வருகிறாளாம். ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் எல்லோரும் நன்றாகத்தான் நடப்பார்கள்.

சென்னியப்பன் எதையும் நம்புகிற ஆள் இல்லை. லோடு ஏற்றினால் எடை போட்டவனை நம்பமாட்டார். கயிறு கட்டினால் கட்டினவனை நம்பாமல் தானும் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். அப்படியிருந்ததால்தான் உயிரோடு வீடு வந்தார் என்பது அவர் கட்சி. இப்போதோ பைபாஸில் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு மேல் டிரைவரே கிடையாது. ஜீவிதா ஓசூரில் ஒரு அறையில் உட்கார்ந்து அந்த லாரிகளைத் திரையில் கண்காணிக்கிற உத்தியோகம் பார்த்தாள். "ஓட்டாத டிரைவர்" என்று மகளைக் கேலி பண்ணுவார். அவளும் சளைக்காமல், "உங்களாட்ட ஹாரனடிச்சு ஊரை எழுப்பறதில்லீங்கப்பா," என்பாள். அப்படிப் பேசிச் சிரித்தது விழுவதற்கு முன்னால்.

வாரத்துக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ரிஸ்வானா வருவாள். கை கால் நடமாட்டம் பழக்குகிறவள். சின்னப் பெண்தான், ஆனால் குரலில் போலீஸ்காரி. அந்த வெள்ளிக்கிழமை அவரை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள். ஜீவிதா வழக்கம்போல் கக்கத்தில் கை கொடுத்திருந்தாள். துவைக்கிற கல் வந்தது. கால் நின்றது.

"பாத்தியா? உன்ற பட்டையோட லட்சணம்," என்றார் சென்னியப்பன். "கம்பெனிக்காரன் எங்கியோ உக்காந்துட்டு அமுத்தறான். நான் உழுந்து தொலைச்சா அவம்மேல கேசு வருமல்ல? அதான் நகர உடாம நிறுத்தறான்."

"ஐயா, அதுக்கு அத்தனை புத்தி கெடையாதுங்க. காலைத் தூக்கோணும்னு நீங்க நெனைச்சா நரம்புல ஒரு சேதி போவுமுங்க. அதைப் பட்டை புடிச்சு, ஒண்ணைப் பத்தாக்கிக் காலுக்குக் குடுக்கும். நிறுத்துன்னு சேதி வந்தா அதையும் பத்தாக்கும். அம்புட்டுத்தான்."

"அப்ப நிறுத்துன்னு நானா சொல்றன்?"

"வாய்ல சொல்லோணும்னு இல்லீங்க. பயம் இருந்தா நரம்பு தானாச் சொல்லிரும். இடுப்பு ஒடிஞ்சவங்க பாதிப் பேரு எலும்பு கூடியும் எந்திரிக்காமப் போறது அதனாலதான். முந்தியெல்லாம் சும்மா தயங்குவாங்க. இப்பப் பட்டை அதைக் கல்லாட்ட ஆக்கிருது."

"பயமா?" சென்னியப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "தொப்பூர் எறக்கத்துல பிரேக் போன வண்டியை மண்மேட்டுல ஏத்தி நிறுத்தினவன்டி நானு! எங்கிட்ட வந்து பயம்ங்கற?"

"ஏனுங்கப்பா, அவங்களப் போயி டி போட்டுப் பேசறீங்க," என்று ஜீவிதா அதட்டினாள்.

ரிஸ்வானா கோபித்துக்கொள்ளவில்லை. இதைவிட மோசமான கிழவர்களைப் பார்த்தவள். "செரிங்கய்யா, அந்தப் பேச்சே வேண்டாம். தெனமும் எந்திரிச்சுப் பழகுங்க, அடுத்த வெள்ளி வர்றனுங்க," என்று போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்து ஜீவிதா சமையற்கட்டிலிருந்து போன் பேசினாள். "இல்லீங்க மேடம், இனி லீவு கேக்கல... தனியா உட்டுட்டு வர முடியாதுங்க. எந்திரிச்சுப் பாத்ரூம்கூடப் போக மாட்டேங்கறாங்க... ஆமாங்க, யோசிச்சுத்தான் சொல்றேன். வர்ற திங்கக்கெழமை எழுதி அனுப்பிர்றேன். வேலைய உட்டர்றேன்."

சென்னியப்பன் கண்ணை மூடியபடியே கிடந்தார். அந்த வேலைக்காக அவள் படித்த படிப்பு அவருக்குத் தெரியும். புருஷன் ஓசூரில் தனியாக வேகவைத்துத் தின்றுகொண்டிருப்பதும் தெரியும். திங்கட்கிழமைக்குள் ஒரு கக்கூசுக்குத் தனியாகப் போய்வர முடிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். கைலாயத்துக்கா போகச் சொல்கிறார்கள்? வாசலிலிருந்து சுவரோரம். அதற்கு ஒரு கம்பெனிக்காரன் குறுக்கே நிற்கிறான்.

அவர் மாரப்பனுக்குப் போன் போட்டார்.

மாரப்பன் பழைய லாரி மெக்கானிக். லாரிகளுக்கு அந்தக் காலத்தில் ஸ்பீடு கவர்னர் என்று ஒன்று வைத்தார்கள். எவ்வளவு மிதித்தாலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி போகாது. சங்ககிரிப் பக்கம் அந்தக் கருவியின் ஒயரை அறுத்துவிட்டு, விளக்கு மட்டும் எரிகிற மாதிரி வைத்துத் தருவதில் மாரப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது சொந்தமாக ஒரு வேலையும் இல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

வியாழக்கிழமை ஜீவிதா மருந்து வாங்கக் கிளம்பியதும் மாரப்பன் பையோடு வந்து சேர்ந்தான்.

"ஏண்ணா, இது லாரி இல்லீங்கண்ணா," என்று பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"லாரிய விடச் சுளுவு. கவர்னர் எங்க இருக்குதுன்னு பாத்து அறுத்து உடு."

"ஏதாச்சும் ஏடாகூடமா ஆயிருச்சுன்னா?"

"ஏன்டா, நீ அறுத்த வண்டியில நான் இமயமலை அடிவாரம் வரைக்கும் போகல? அப்ப எங்கடா போச்சு இந்தக் கவலை?"

"அப்ப உங்களுக்கு இடுப்பு இருந்துச்சுங்கண்ணா."

வாய் பேசினாலும் கை சும்மா இருக்கவில்லை. மாரப்பன் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே மயிர் மாதிரி ஒயர்கள். எது கவர்னர் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லாததால் எல்லாவற்றையும் அறுத்தான். பச்சை விளக்கு அணைந்தது.

"இன்னொண்ணு எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பான். எதுக்கு வம்பு, கழட்டியே போடு," என்றார் சென்னியப்பன்.

பட்டை கட்டிலின் மேல் பாம்புச் சட்டை மாதிரி விழுந்தது. வெற்றுக்காலோடு, ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாரப்பன் பக்கத்தில் வந்தான், ஆனால் தொடவில்லை. ஆம்பளையை ஆம்பளை தாங்கிப் பிடிப்பது அவர்கள் தொழிலில் கிடையாது. வாசற்படி இறங்கினார். கால் நடுங்கியது. ஆனாலும் வந்தது. இன்னொரு எட்டு. வலித்தது, வந்தது. விழுந்த அந்தக் குழாயடியை ஒட்டியே போனார். அப்போதும் வந்தது. துவைக்கிற கல் பக்கத்தில் தெரிந்தது.

"பாத்தியாடா! பாத்தியா! கவர்னரு!" சென்னியப்பன் கத்தினார். பல் தெரியச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து வெளிக்கதவு கிறீச்சிட்டது. மருந்துச் சீட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ஜீவிதா அங்கே நின்றாள். "அப்பா! நடக்கறீங்களா!" என்றாள். அப்படியொரு சந்தோஷம் அந்த முகத்தில்.

கால் நின்றுவிட்டது.

சக்தியில்லாத கால் என்றால் மடியும். இது மடியவில்லை. தேக்குக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. சென்னியப்பன் குனிந்து பார்த்தார். தொடையில் பட்டையும் இல்லை, டப்பாவும் இல்லை. தையல் போட்ட தழும்பு மட்டும் இருந்தது. நிறுத்தச் சொல்வதற்கு அங்கே ஒரு கம்பெனிக்காரனும் இல்லை.

ஜீவிதா ஓடிவந்து தாங்கி, கட்டிலுக்குக் கொண்டுபோனாள். பிறகு பட்டையைப் பார்த்தாள். பிறகு மாரப்பனைப் பார்த்தாள். அவள் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டான். போகும்போது சென்னியப்பன் காதோரம் குனிந்து, "அம்மிணி வர்ற வரைக்கும் நல்லாத்தானுங்கண்ணா நடந்தீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ரிஸ்வானா வந்தபோது சென்னியப்பன் மகளைக் கடைக்கு அனுப்பியிருந்தார். அறுபட்ட பட்டையை அவளே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கட்டிலில் போட்டு வைத்திருந்தார்.

"ஐயா, இதை யாருங்க இப்படிக் குதறினது?"

"எலி."

"எலி மூடியத் தெறந்து கடிக்குதுங்களா?"

"எங்கூரு எலி அப்படித்தான். அதை உடும்மா. ஒண்ணு கேக்கறன், மறைக்காமச் சொல்லு. நேத்து பட்டை இல்லாம நடந்தன். கொழாயடியத் தாண்டிப் போனன். எம்பொண்ணு வந்து நின்னா. காலு நின்னுபோச்சு. அது என்ன எழவு?"

ரிஸ்வானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போன வாரம் நீங்க கத்தினீங்களே, அதேதாங்க. பயம்."

இந்தத் தடவை அவர் கத்தவில்லை. "உழுந்த எடத்தையே தாண்டிப் போனவனுக்கு என்னம்மா பயம்?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. பட்டைக்குப் பயம் இருக்குதுன்னு தெரியும். எதுக்குப் பயம்னு தெரியாது. நெறையப் பேருக்கு விழுந்துருவோம்னு பயம். ஒரு பெரியவருக்குக் காலு சரியாயிட்டா மறுபடியும் தறிக்குப் போகச் சொல்லுவாங்கன்னு பயம். ஒரு அம்மாவுக்கு மருமக கையால சாப்பிட்டுப் பழகிருச்சு, எந்திரிச்சா அது நின்னுருமேன்னு. யாரும் வேணும்னு செய்யறதில்லீங்க. நம்மளுக்கே தெரியாது. உங்களுது என்னன்னு நீங்கதான் கண்டுபுடிக்கோணும்."

"கண்டுபுடிச்சா?"

"பாதி வேலை முடிஞ்சுதுங்க. மீதி, நடை பழகறதுதான். பட்டை இல்லாமயே பத்தடி வந்திருக்கீங்க, எலும்பு நல்லாவே கூடிருக்குது. புதுப் பட்டை வர நாளாகும். அந்த எலியவே கூப்புட்டு ஒட்டித் தரச் சொல்லுங்க."

அவள் போனபிறகு சென்னியப்பன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். யோசிப்பது அவருக்குப் பிடிக்காத வேலை. ரோட்டைப் பார்த்து ஓட்டினால் போதும் என்று காலம் தள்ளியவர். ஆனால் இறக்கத்தில் வண்டி தானாக நின்றால், எவன் காலோ பிரேக் மேல் இருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் இருந்ததோ அவர் ஒருத்தர்தான்.

மனைவி செத்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர் ஒருவருக்கே சமைத்து, ஒருவருக்கே டீவி போட்டு, யாரோடும் சண்டை போடாமல் இருந்தார். இடுப்பு ஒடிந்த பிறகுதான் வீட்டில் இரண்டாவது குரல் கேட்டது. காலையில் பாத்திரம் உருளுகிற சத்தம். "எந்திரிங்கப்பா" என்கிற அதட்டல். ரசத்துக்குத் தாளிக்கிற வாசனை. கக்கூஸில் மகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவமானம் ஒரு பக்கம். அது போய்விட்டால் இதெல்லாமும் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். இத்தனை நாள் அவருக்கு அது தெரியாது. காலுக்குத் தெரிந்திருக்கிறது.

"தூ," என்று தன்னைத்தானே துப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மாரப்பன் வந்து, ஜீவிதாவின் முகத்தைப் பார்க்காமல், அறுத்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தான். ரிஸ்வானா போனில் பார்த்துக்கொண்டே எது எதோடு சேரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மாரப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சேக்கறது கஷ்டமுங்கண்ணா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்த ஜீவிதாவிடம் சென்னியப்பன் சொன்னார்: "நீ நாளைக்கு ஓசூருக்குக் கெளம்பு."

"நடந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்ன கெளம்பறது? நான் வேலைய உட்டர்லாம்னு இருக்கறனுங்க."

"போன்ல பேசினதக் கேட்டன். அதெல்லாம் ஒண்ணும் உட வேண்டாம். நீ இருக்கற வரைக்கும் நான் நடக்க மாட்டன்."

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. "நான் என்னங்கப்பா பண்ணினேன்? ராப்பகலா..."

"நீ ஒண்ணும் பண்ணல." சோற்றைப் பிசைந்தார். மறுபடியும் பிசைந்தார். "காலு நடந்துச்சுன்னா நீ போயிருவயல்ல. அது, அதுக்குப் புடிக்கல."

"எதுக்கு?"

"காலுக்கு."

"காலுக்குங்களா?"

"எனக்குத்தான்! போதுமா? ஒரு மனுசனை இம்புட்டுக் கேப்பாங்களா?"

ஜீவிதா கரண்டியை எடுத்து வைத்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறென்னவோ ஆகி, அது கோபமாக முடிந்தது.

"நல்லா இருக்குதுங்கப்பா நாயம். நான் பொறந்ததுல இருந்து நீங்க லாரிக்குப் போனீங்க. கவுகாத்திக்குப் போனா மாசம் கழிச்சுத்தான் வருவீங்க. நானும் அம்மாவும் காலு வராமயா நின்னுட்டு இருந்தோம்? அம்மா மாடு கறந்தாங்க. நான் பள்ளிக்கூடம் போனேன். வண்டி கெளம்பறப்ப எப்ப வருவீங்கன்னு ஒருநாள் கேக்க வாயெடுத்தேன். கேக்கக் கூடாதுன்னு அம்மா வாயப் பொத்திட்டாங்க. கேட்டா வண்டிக்கு ஆகாதாம்."

"அது... தொழில்ல அப்படித்தான்."

"என்ற தொழில்லயும் அப்படித்தான். நானும் லாரிக்குத்தான் போறேன். போவேன், வருவேன்."

சென்னியப்பன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "ரசம் ஊத்து," என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஜீவிதா பெட்டியோடு வெளிக்கதவருகே நின்றாள். காலையிலும் மாலையிலும் மாரப்பன் வந்து எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு. வேலையை விடுவதாக அவள் இன்னும் எழுதி அனுப்பவில்லை. அனுப்பவும் இல்லை, அனுப்பமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. வாசற்படியில் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி நிற்கிற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் இறங்கினார். பட்டை உந்தியது, கால் வந்தது. குழாயடி கடந்தது. துவைக்கிற கல் வந்தது. அங்கே வந்ததும் தொடை இறுகுவது அவருக்கே தெரிந்தது. பட்டை அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுக்கியது. ஜீவிதா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"அங்கயே நில்லு!" என்றார்.

நின்றாள்.

போகப் போகிறாள். ஆமாம், போகத்தான் போகிறாள். இந்த வீட்டில் இனி ராத்திரி ஒருவர்தான். அதை அவர் மறைக்காமல் நினைத்துப் பார்த்தார். லோடு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வண்டி எடுக்கிற மாதிரி. பயம் போகவில்லை. ஆனால் இன்னதுதான் என்று தெரிந்த பயம் கொஞ்சம் இளகுகிறது. தொடை இளகியது. கால் தரையை விட்டு எழுந்தது. கல்லைத் தாண்டியது.

ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வாங்கப்பா, வாங்க," என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நொண்டி நொண்டி, சுவரோரமாக, நேராகக் கக்கூசுக்குள் போனார். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார்.

"தாப்பா போடாதீங்கப்பா!" என்று அவள் வெளியிலிருந்து கத்தினாள். "ஏதாச்சும் ஒண்ணுன்னா எப்படித் தெறக்கறது?"

"மாரப்பன் ஒடைப்பான். அவனுக்கு அது நல்லா வரும்."

"ஏனுங்கப்பா, கெளம்பற நேரத்துல இப்படியா?"

"பின்ன எப்படி? பஸ்ஸு உனக்கோசரம் நிக்குமா?"

வெளியே செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் போனது. பிறகு பெட்டியைத் தூக்குகிற சத்தம். கதவு கிறீச்சிட்டது. "போயிட்டு வர்றனுங்கப்பா."

உள்ளே சென்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். எப்ப வருவ என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"போயிட்டு வா, சாமி," என்றார்.